பத்மராகம் என்று வாங்கிய கல் ரோஸ் நிறமாகிவிட்டது. பத்தரைச் சந்தேகிக்கலாமா?

காவேரிக்கரை (திருச்சி) எழுதியது:

வணக்கம். கல் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். வீட்டில் தினமும் இதே பேச்சாக இருக்கிறது.

2023 ஆவணியில் எங்கள் நிச்சயதார்த்தம். அவர் எனக்குப் போட்ட மோதிரத்தில் ஒற்றைக் கல், முட்டை வடிவம், 1.46 கேரட். கடையில் "இது பத்பராட்ஷா, நம்ம பாஷையில பத்மராகம், சிலோன் சரக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். கல்லுக்கு மட்டும் 1,85,000 ரூபாய். அவருடைய இரண்டு வருட சேமிப்பு அது. வைரம் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். தாமரை இதழில் காம்போடு ஒட்டுகிற இடத்தில் ரோஸுக்குள் ஒரு மஞ்சள் கசியுமே, அப்படி ஒரு நிறம். நல்ல பப்பாளியைக் கீறினால் தெரியும் நிறத்தில் கொஞ்சம் ரோஸைக் கலந்தது போல.

போன தை மாதம் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். படத்தில் இருக்கும் கல்லும் விரலில் இருக்கும் கல்லும் ஒன்றாக இல்லை. இப்போது இருப்பது வெறும் பன்னீர் ரோஜா நிறம். மஞ்சள் துளிக்கூட இல்லை.

இதில் எனக்குத் தூக்கம் போகக் காரணம் வேறு. குழந்தை பிறந்தபின் விரல் பருத்ததால், மோதிரத்தைப் பெரிதாக்க எங்கள் குடும்பப் பத்தரிடம் கொடுத்தோம். முப்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு அவர்தான் செய்கிறார், என் தொட்டில் காப்பும் அவர் செய்ததுதான். ஒரு நாள் முழுக்க மோதிரம் அவரிடம் இருந்தது. "கல்லை மாத்திட்டான், போய்க் கேளு" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா சோப்புதான் காரணம் என்கிறார். இன்னொருவர், நிச்சய மோதிரக் கல் வெளுப்பது புருஷனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமியார் முகமே சரியில்லை.

கடையில் கொடுத்த அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: இயற்கை சஃபையர், 1.46 கேரட், 7.12 × 5.68 × 4.45 மில்லிமீட்டர், நிறம் ஆரஞ்சு கலந்த பிங்க். அந்தப் பத்தர் முகத்தைப் பார்த்து இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

சொல்தேடி எழுதியது:

பெயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கல்லைப் பற்றி அறிந்தவர்கள் மற்றதைச் சொல்வார்கள்.

நம் ஊரில் பத்மராகம் என்றால் மாணிக்கம், அதாவது கெம்பு. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே மாணிக்க வகைகளைப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று நான்காக அடுக்குகிறார் இளங்கோ. அந்தப் பதுமம்தான் பத்மராகம். நவரத்தினத்தில் சூரியனுக்கு உரியதாகச் சொல்லப்படுவதும் அந்தச் சிவப்புக் கல்தான்.

உங்களிடம் இருப்பது வேறு. இலங்கையில் சிங்களத்தில் தாமரை நிறம் என்ற பொருளில் ஆரஞ்சும் ரோஸும் கலந்த கல்லைப் பத்மராக என்கிறார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் அதை ஜெர்மன் எழுத்துமுறையில் எழுதப்போய்த்தான் பத்பராட்ஷா என்று வாயில் நுழையாத பெயராகிவிட்டது. இரண்டுக்கும் தாய்க்கனிமம் ஒன்றுதான், குருந்தம். அதில் சிவப்பை மாணிக்கம் என்றும் மற்ற நிறங்களைச் சஃபையர் என்றும் சொல்கிறார்கள். உலகம் முழுக்க அந்தக் கனிமத்துக்கு வழங்கும் ஆங்கிலப் பெயரே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். இதைப் படித்த அன்று எனக்கு நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருந்தது.

ஆகவே உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லலாம். நவரத்தின சாத்திரம் பேசும் பத்மராகம் உங்கள் விரலில் இல்லை. அந்தச் சாத்திரத்தை வைத்து இந்தக் கல்லுக்குப் பலன் சொல்ல வழியே கிடையாது.

கும்பகோணம்_பத்தர் எழுதியது:

அம்மா, நானும் பட்டறையில் உட்கார்கிறவன்தான். முதலில் அந்தப் பெரியவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கல் மாறியதா என்று கண்டுபிடிப்பது சுலபம். அட்டையில் மூன்று அளவு இருக்கிறதே, அது போதும். கை வேலையாகப் பட்டை தீட்டிய கல்லில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் மூன்று அளவும் இன்னொரு கல்லோடு ஒத்துப்போவது நடக்காத காரியம். மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றி, காலிப்பரில் அளந்து, தராசில் போடச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள், எந்தப் பத்தரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று கேட்க வேண்டும். மோதிரத்தைப் பெரிதாக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டு நெருப்பில் ஊதிச் சூடு காட்டினாரா, கல்லோடு ஊதினாரா? வைரம், நீலம் என்றால் சிலர் கழற்றாமலே பொடி வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். நான் செய்வதில்லை. சூடு பட்டால் சில கற்களில் மஞ்சள் ஓடிவிடும்.

கல்லுக்கு அடியில் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய கட்டடமாக இருந்து உள்ளே வண்ணத் தாள் வைத்திருந்தால், தண்ணீர் இறங்கி அந்தத் தாள் வெளுத்திருக்கும். பழைய நகைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேருவளைக்காரன் எழுதியது:

மகள், வணக்கம். நான் இலங்கையில பேருவளை, சீனங்கோட்டைக்காரன். எங்கட ஊரில வீட்டுக்கு ஒருத்தராவது கல் யாவாரம்தான். வாப்பா கைவில்லால சக்கரம் சுத்திப் பட்டை தீட்டினவர், நானும் பதினாலு வயசில இருந்து அதில இருக்கிறன். இப்ப அறுபத்தி ஒண்டு. உங்கட கேள்வியை மருமகன் வாசிச்சுக் காட்டினார். ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டன், ஏனெண்டால் இது எனக்கும் நடந்தது.

2016 கடைசியில மடகஸ்கரில அம்பாத்தொன்றசாக்கா எண்ட ஊர்ப் பக்கம் காட்டுக்குள்ள புதுசா சஃபையர் கிடைச்சது. 1998இல அந்த நாட்டில இலக்காக்கா எண்ட இடத்தில சஃபையர் கண்டுபிடிச்ச காலத்தில இருந்தே எங்கட ஊர்ப் பொடியன்கள் மடகஸ்கரில போய் நிக்கிறவங்க. அவங்க கொண்டுவந்த ஒரு பொதியில ஒரு கல், ரெண்டு கரட்டுக்குக் கொஞ்சம் கூட. எடுத்தவுடன நாக்கில வச்சு நனைச்சுப் பார்த்தன். கரடான கல்லு நனைஞ்சால்தான் உள் நிறம் தெரியும், நாங்க அப்பிடித்தான் பார்க்கிறது. என்ட கையே நடுங்கினது, அப்பிடி ஒரு பத்மராகம். நாலு நாள் இருந்து வெட்டினன். விளக்கில பார்க்காமக் காலை வெளிச்சத்தில ஒருக்காப் பார்ப்பம் எண்டு வடக்கு ஜன்னல் கட்டையில வெள்ளைக் கடதாசி போட்டு வச்சன். அதுக்குள்ள மூத்த மகளுக்குச் சுகமில்லாமப் போக, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடினதில கல் அஞ்சு நாள் அங்கேயே இருந்தது. திரும்ப வந்து பார்த்தால் ரோஸ் கல்லு. வடிவான ரோஸ்தான், ஆனா நான் வெட்டின கல்லு அது இல்ல. உங்களைப் போலத்தான் முதல்ல நானும் ஆளைச் சந்தேகிச்சன். வீட்டுக்கு வேலைக்கு வாற பிள்ளையை நினைச்சன். இண்டைக்கும் அதை நினைச்சால் வெட்கமா இருக்கு.

காரணத்தைப் பிறகு ஆய்வகத்தில உள்ள ஒருத்தர் விளங்கப்படுத்தினார். இந்தக் கல்லில ரெண்டு நிறம் ரெண்டு வழியில வருது. ரோஸ் குரோமியத்தால வாறது. கல் பூமிக்குள்ள விளையக்குள்ளேயே அந்த அணு கட்டுக்குள்ள குந்திக்கொள்ளும், கல் இருக்கும் வரைக்கும் அது போகாது. மஞ்சள் அப்பிடி இல்ல. சில கல்லில அது நிலையான மஞ்சள். சில கல்லில எலக்ட்ரான் ஒண்டு விட்ட வெற்றிடம் பொறியில மாட்டின மாதிரி நிக்கும், அதுதான் மஞ்சளாத் தெரியும். வெயில் வெளிச்சம் பட்டுக்கொண்டு இருந்தால் அந்த வெற்றிடம் நிரம்பிடும், மஞ்சள் போயிடும். புற ஊதா விளக்குக்குக் கீழ வச்சால் திரும்ப வரும். வெளிச்சத்தில வச்சால் திரும்பவும் போகும். இதுக்குச் சோப்பும் காரணம் இல்ல, பாவமும் காரணம் இல்ல.

அந்தக் கற்கள் சந்தைக்கு வந்தபிறகு 2018 அளவில பெரிய ஆய்வகங்கள் எல்லாம் இதைக் கவனிச்சு எழுதினாங்க. இப்ப பத்மராகம் எண்டு சான்றிதழ் கொடுக்க முன்னம் நிறம் நிக்குதா எண்டு சோதிக்கிறாங்க. புற ஊதாவில வச்சு மஞ்சளை ஏத்தி, பிறகு பலமான வெளிச்சத்தில மணிக்கணக்கா வச்சு, மிஞ்சி நிக்கிறது எதுவோ அதுதான் அந்தக் கல்லின்ட நிறம் எண்டு எழுதுவாங்க. மிஞ்சினது வெறும் ரோஸ் எண்டால் அது பிங்க் சஃபையர், பத்மராகம் இல்ல. உங்கட அட்டையில இந்தச் சோதனையைப் பத்தி ஒரு சொல்லும் இல்ல. சூடு காட்டினதா இல்லையா எண்டும் இல்ல, எந்த நாட்டுக் கல் எண்டும் இல்ல. அது எடையும் நீளமும் எழுதின துண்டு, அவ்வளவுதான்.

இப்ப உங்கட கல்லு என்னவா இருக்கலாம் எண்டு நான் நினைக்கிறதைச் சொல்றன். சிலர் மோர்கனைட்டையும் இப்பிடிச் சொல்லி விக்கிறாங்க. அதுவும் பீச் நிறத்தில இருந்து வெயிலில ரோஸாப் போற கல்லுதான். ஆனா நீங்க தந்த அளவை வச்சுக் கணக்குப் பார்த்தன். 7.12க்கு 5.68க்கு 4.45 எண்டால் சஃபையருக்கு 1.46 கரட் சரியா வருது. அதே அளவில மோர்கனைட் ஒரு கரட் கிட்டத்தான் நிக்கும், பாரம் இல்லாத கல்லு அது. அதால அட்டையில உள்ளது சஃபையர்தான், அதில பொய் இல்ல.

அடுத்தது பெரிலியம். 2002 அளவில தாய்லாந்தில இருந்து சந்தையெல்லாம் பத்மராகமா வந்து கொட்டினது. மலிவான பிங்க் சஃபையரைப் பெரிலியம் சேர்த்துப் பயங்கரச் சூட்டில வேக வச்சு ஆரஞ்சு ஏத்தினது எண்டு பிறகுதான் வெளியில வந்தது. அந்தப் பயத்தில கன காலம் எங்கட நல்ல கல்லையும் ஒருத்தரும் வாங்கயில்ல. ஆனா பெரிலியம் ஏத்தின நிறம் வெளிச்சத்தில போகாது. உங்கட கல்லு வெளுத்திருக்கு எண்டால் அந்த வேலை நடக்காத கல்லு எண்டுதான் நான் நினைக்கிறன். மிச்சம் இருக்கிறது ரெண்டு. இயற்கையிலேயே நிலையில்லாத மஞ்சள், இல்லாட்டி யாரோ கதிர்வீச்சுக் காட்டி ஏத்தின மஞ்சள். வாப்பா காலத்திலேயே எக்ஸ்ரே காட்டி மஞ்சளாக்கின புஷ்பராகம் வந்திருக்கு. வாப்பா எந்த மஞ்சள் கல்லையும் ரெண்டு நாள் கூரையில வெயிலில காய வச்சுத்தான் காசு கொடுப்பார். ஊரில அதைச் சொல்லிச் சிரிப்பாங்க, அவர் கேக்க மாட்டார்.

சிலோன் சரக்கு எண்டு சொன்னதையும் அப்பிடியே எடுக்காதீங்க. எங்கட பத்மராகம் இரத்தினபுரிப் பக்கம் வயல் குழிகளில இருந்து வாறது. மரச்சட்டம் அடிச்சுக் குழி இறக்கி, தண்ணி இறைச்சு, இல்லம் எண்டு நாங்க சொல்ற சரளைப் படையை வாரிக் கூடையில போட்டு ஆட்டிக் கழுவினால், ஆயிரம் கூடையில ஒண்டில கிடைச்சால் அதிர்ஷ்டம். நல்ல கல்லில ரோஸும் ஆரஞ்சும் தனித்தனியாத் தெரியாது. கல்லை ஆட்ட ஆட்ட ஒண்டுக்குள்ள ஒண்டு போய்வரும். நியூயோர்க்கில இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில 100 கரட்டில ஒண்டு இருக்கு, அதுவும் எங்கட மண்தான். 2018இல பிரித்தானிய இளவரசி யூஜினிக்கு நிச்சய மோதிரமா இந்தக் கல்லைப் போட்ட பிறகு விலை எங்கேயோ போயிட்டுது. விலை ஏறினால் பெயரும் மலிஞ்சு போகும். இப்ப பீச் நிறத்தில எதைக் கண்டாலும் பத்பராட்ஷாதான்.

ஒண்டு கேக்கிறன் மகள். இந்த மோதிரம் பெட்டியில இருந்ததா, கையில இருந்ததா? கையில எண்டால் வெயில் எப்பிடிப் படும்?

காவேரிக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் பதிலைக் கணவரும் நானும் சேர்ந்து படித்தோம். வேலைக்கு வரும் பிள்ளையைச் சந்தேகித்ததாக நீங்கள் எழுதிய இடத்தில் அவர் நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மோதிரம் எப்போதும் கையில்தான். நான் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல்தான் எனக்குப் பிடித்த இடம். இடது கையை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு வருவேன். திருவெறும்பூர் தாண்டும்வரை மேற்கு வெயில் நேராக அந்தக் கையில்தான் அடிக்கும். பிரசவ விடுப்பு தவிர ஒன்றரை வருடம் இப்படித்தான். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

கும்பகோணம் ஐயாவுக்கு: கட்டடம் அடியில் திறந்துதான் இருக்கிறது, தாள் எதுவும் இல்லை.

பேருவளைக்காரன் எழுதியது:

அப்ப நான் ஜன்னல் கட்டையில வச்சதை நீங்க பஸ் ஜன்னலில வச்சிருக்கீங்க.

இருந்தாலும் என்ட ஊகத்தை வச்சு யாரிட்டயும் பேசாதீங்க. பத்தரிட்டப் போய்க் கழற்றி அளந்து பாருங்க, கும்பகோணத்து ஐயா சொன்ன மாதிரி. அளவு சரி எண்டால் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்புங்க. உங்கட நாட்டில மும்பையில ஜி.ஐ.ஏ. எண்ட ஆய்வகம் இருக்கு, ஜெய்ப்பூரிலயும் நல்ல ஆய்வகம் இருக்கு. நிறம் வெளிச்சத்தில மாறினது எண்டு விண்ணப்பத்திலேயே எழுதி, பழைய படத்தையும் வைங்க. பில்லையும் அந்த அட்டையையும் கடையிட்டத் திருப்பிக் கொடுத்திடாதீங்க, பிரதி மட்டும் காட்டுங்க.

வீட்டில புற ஊதா விளக்கு வாங்கி மஞ்சளை ஏத்திப் பார்க்க மனம் வரும். ஏத்தினாலும் அது நிக்காது. அப்பிடி ஏத்தி வித்த ஆக்களை எனக்குத் தெரியும், அவங்களோட நான் கதைக்கிறதில்ல.

காவேரிக்கரை எழுதியது (ஆறு வாரம் கழித்து):

முடிந்ததைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவளாவேன்.

பத்தரிடம் போனோம். மாமியாரும் வந்தார். கல் நிறம் மாறியிருக்கிறது, அளந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கணவர் சொன்னார். பத்தர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு கொக்கியையும் நிமிர்த்திக் கல்லை எடுத்தார். காலிப்பரில் வைத்துவிட்டு, "நீயே படி பாப்பா" என்று என் கையில் கொடுத்தார். 7.12. திருப்பி வைத்தார், 5.68. உயரம் 4.45. தராசில் 1.46. அட்டையை மாமியார்தான் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு எண்ணையும் அவர் விரலை வைத்துச் சரிபார்த்தார். கடைசியில், "பேரனுக்கு அரைஞாண் செய்யணும், எப்ப வரலாம்?" என்று பத்தரிடம் கேட்டார். அவருக்கு அது மன்னிப்புக் கேட்பது மாதிரி. பெரிதாக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டுத்தான் ஊதினேன் என்று பத்தர் அவராகவே சொன்னார்.

மும்பை ஆய்வக அறிக்கை போன வாரம் வந்தது. இயற்கை சஃபையர், நிறம் பிங்க், சூடு காட்டிய அடையாளம் இல்லை, மடகஸ்கர். பேருவளை ஐயா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைக்கு அறிக்கையின் பிரதியை வைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறோம். கல்லை எடுத்துக்கொண்டு அதே விலைக்கு வேறு நகை தருவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் கேட்பது பிங்க் சஃபையர் விலைக்கும் பத்மராகம் விலைக்கும் உள்ள வித்தியாசம். தராவிட்டால் நுகர்வோர் ஆணையம் போவதாக இருக்கிறோம். கல்லைத் திருப்பித் தருவதாக இல்லை. அவர் நிச்சயத்தில் எனக்குப் போட்ட கல் இதுதான் என்று இப்போது உறுதியாகத் தெரியும்.

மாமியார் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். இனி இதைத் தினமும் போட்டுக்கொள்ளலாமா, இன்னும் வெளுக்குமா?

பேருவளைக்காரன் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பத்தருக்கு என்ட சலாத்தைச் சொல்லுங்க.

அம்மாவிட்டச் சொல்லுங்க, போக வேண்டிய மஞ்சள் போயிட்டுது. இருக்கிற ரோஸ் குரோமியத்தின்ட நிறம், அது பேரன்ட கல்யாணத்திலயும் இப்பிடியே இருக்கும். கடினத்தில வைரத்துக்கு அடுத்த படியில இருக்கிற கல்லு, மோஸ் அளவில 9. தினமும் போடலாம். வாரத்துக்கு ஒருக்கா இளஞ்சூட்டுத் தண்ணியில சோப்புப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால கல்லுக்கு அடிப்பக்கத்தைத் தேயுங்க, எண்ணெய் அங்கதான் தேங்கி மங்கலாக்கும். மாவு அரைக்கக்குள்ளயும் பாத்திரம் விளக்கக்குள்ளயும் கழற்றுங்க, அது கொக்கிக்காக. கொக்கியை ஒருக்கா நிமிர்த்தி மடக்கினால் கொஞ்சம் பலம் குறையும், ஆறு மாசத்தில ஒருக்காப் பத்தரிட்டக் காட்டுங்க.

பஸ்ஸில இடப்பக்க ஜன்னலிலேயே இருக்கலாம் மகள்.